ராடார் கண்டதும் காணாததும் – வாழைச்சேனைக் கடலிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பாசிக்குடாவிலே சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் சிறிய உல்லாசப் படகொன்றை அண்மையில் வாங்கிய நண்பர் ஒருவர், அதற்கு ராடார் பூட்டுவது தேவைதானா என்று தொலைபேசியில் என்னிடம் வினவினார். நான் கடலோடி அல்லன், பத்திரிகைக்காரன். ஆயினும் மட்டக்களப்புக் கரையோரச் செய்திகளை நீண்டகாலம் எழுதியவன் என்ற உரிமையில் அவர் கேட்டிருக்க வேண்டும். கருவியின் விலையையும் தரத்தையும் கடைக்காரர் சொல்லுவார். நான் சொல்லக்கூடியது அதன் வரலாற்றை. இப்பக்கத்தை வழக்கமாக வாசிப்போர், நான் எந்தக் கேள்விக்கும் சுற்றிவளைத்தே பதில் சொல்பவன் என்பதை அறிவர். இம்முறை அந்தச் சுற்று 1904ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

அவ்வாண்டு மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் ஆற்றின் பாலத்தருகே, கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர் என்ற இளைஞர் ஒரு பெட்டியை வைத்துக் காட்டினார். அது மின்காந்த அலைகளை அனுப்பியது. ஆற்றில் வந்த கப்பலில் அவ்வலை பட்டுத் திரும்பியதும் மணி அடித்தது. மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே நோக்கம். கப்பற் கம்பனிகளும் கடற்படையும் அக்கருவியில் அக்கறை காட்டவில்லை. கடலோடியின் உயிரைக் காக்கப் பிறந்த ஒரு கருத்து முப்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. வானத்திலிருந்து குண்டு விழும் என்ற அச்சம் வந்த பின்னரே, 1935இல் பிரித்தானியாவில் ரொபேர்ட் வட்சன் வட் என்பவரின் பரிசோதனையோடு அதற்கு அரசாங்கப் பணம் கிடைத்தது. உயிர் காக்கும் கருவிக்குக் கிடைக்காத காசு போர்க்கருவிக்குக் கிடைப்பது இந்நாட்டிலே வாழ்ந்த நமக்குப் புதிய செய்தியன்று.

ராடார் எங்கள் கரைக்கு வந்ததும் போரோடுதான்.

1942 ஏப்ரல் மாதம். அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தினுள் புகுந்திருந்தன. ஏப்ரல் 4ஆம் திகதி லெனார்ட் பேர்ச்சோல் என்ற கனேடிய விமானி தமது கற்றலீனா விமானத்திலிருந்து அப்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். ஆகவே கொழும்புக்கு முன்னறிவித்தல் இல்லாமலில்லை. ராடார் நிலையமும் இருந்தது. இருந்தும் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, இரத்மலானை விமானத்தளத்தில் இருந்தவர்கள் ஜப்பானிய விமானங்களைத் தலைக்கு மேலே கண்ணாற் கண்ட பின்னரே ஓடிச் சென்று தங்கள் விமானங்களில் ஏறினர். ராடாரிலிருந்து எச்சரிக்கை ஏன் வரவில்லை என்பதற்கு நூலாசிரியர்கள் பல காரணங்களைச் சொல்லுகிறார்கள். எக்காரணமாயினும், கருவி இருந்தது, பயன் கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் நடந்தது வேறு. ஏப்ரல் 9ஆம் திகதி காலை எலிசபெத் முனையிலிருந்த ராடார் நிலையம், சுமார் 90 மைலுக்கு அப்பால் வரும்போதே விமானக் கூட்டத்தைக் கண்டுவிட்டது. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. துறைமுகத்திலிருந்த கப்பல்களுள் பல முன்னைய நாளே வெளியேறும்படி பணிக்கப்பட்டிருந்தன. சேதம் பெரிதுதான், ஆயினும் உறக்கத்தில் பிடிபட்ட சேதமன்று.

ஆனால் அதே காலையில், எங்கள் கடலிலே, அந்த ராடாரின் பார்வை எவ்வகையிலும் உதவாத இடத்தில், ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. வெளியேற்றப்பட்ட கப்பல்களுள் ஒன்று ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1924இல் சேவைக்கு வந்தது. அன்றைய தினம் அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இல்லை. வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் துணைக்கு வர, கரையோரமாகத் தெற்கே சென்ற ஹேர்மிஸ், திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணிற்பட்டது. அவ்வேவு விமானம் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியர் இடைமறித்துக் கேட்டும்விட்டனர். உடனடியாகத் திரும்பு என்று கப்பலுக்குக் கட்டளை போயிற்று. பாதுகாப்புக்கு விமானங்கள் அனுப்பவும் முயன்றனர். ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் நீருக்கு மேலே இருக்கவில்லை. முற்பகல் பதினொரு மணிக்குள், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில், 307 பேருடன் அது தாழ்ந்தது. கப்டன் ஒன்ஸ்லோவும் அவர்களுள் ஒருவர். வம்பயரில் 9 பேர் இறந்தனர். ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இக்கரையோரத்தில் மூழ்கடிக்கப்பட்டன. அருகில் வந்துகொண்டிருந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் நூற்றுக்கணக்கானோரை நீரிலிருந்து தூக்கி எடுத்தது.

இன்று ஹேர்மிஸ் ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்திலும், பிரிட்டிஷ் சார்ஜன்ட் பாசிக்குடாவுக்கு வடக்கே அதைவிடக் குறைந்த ஆழத்திலும் கிடக்கின்றன. உல்லாசப் படகுகளில் வெளிநாட்டார் சென்று சுழியோடிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் நண்பரின் படகும் நாளை அங்கேதான் போகும்.

அன்றைய நாளை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலிசபெத் முனை ராடார் தன் கடமையைக் குறைவறச் செய்தது. ஆபத்தைக் காண்பது ஒன்று. கண்டதை உரியவரிடம் நேரத்தோடு சேர்ப்பது இன்னொன்று. சேர்ந்த செய்தியைக் கொண்டு எதையேனும் செய்யக்கூடிய நிலையில் அவர் இருப்பது மூன்றாவது. கொழும்பில் முதலாவது தவறியது. மட்டக்களப்புக் கடலில் மூன்றாவது இல்லை. திரையில் புள்ளியைக் கண்டுவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுகின்ற படகுக்காரர், இம்மூன்றில் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்.

எலிசபெத் முனையில் இருந்தவை உயர்ந்த கோபுரங்கள். படகின் கூரையில் வைக்கத்தக்க சிறு ராடார் பிறந்தது, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரண்டால், பூட் என்ற இருவர் 1940 பெப்ரவரியில் இயக்கிக் காட்டிய மக்னெற்றோன் என்ற குழலின் பயனாகும். அலையின் நீளம் மீற்றரிலிருந்து சென்ரிமீற்றருக்கு இறங்கியது, அலைவாங்கியும் சிறுத்தது. இன்றைய சிறு படகு ராடார் பெரும்பாலும் மூன்று சென்ரிமீற்றர் அலையில் இயங்குவது. போர் முடிந்ததும் வணிகக் கப்பல்கள் அதனைப் பூட்டிக்கொண்டன. மூடுபனி இனிப் பகையன்று என மாலுமிகள் வேகத்தைக் குறைக்காமல் ஓடத் தொடங்கினர்.

அதன் விளைவு 1956 ஜூலை 25ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவுக்கு அப்பால் தெரிந்தது. இத்தாலியப் பயணிகள் கப்பல் அந்திரியா டோரியா, சுவீடனின் ஸ்ரொக்ஹோம். இரண்டிலும் ராடார் இருந்தது. இரண்டும் பல மைல் தொலைவிலேயே ஒன்றையொன்று திரையில் கண்டுவிட்டன. டோரியாவில் மறுகப்பலின் நகர்வைத் தாளில் குறித்துப் பார்க்கவில்லை. பனிக்குள்ளும் கிட்டத்தட்ட 22 நொட் வேகத்தில் ஓடினர். இவர்கள் வலப்பக்கம் விலகிக் கடப்பதாக நினைத்தனர். அவர்கள் இடப்பக்கமாகக் கடப்பதாக நினைத்தனர். கண்ணுக்குத் தெரிந்தபோது ஒருவர் இடமாகவும் மற்றவர் வலமாகவும் திரும்ப, ஸ்ரொக்ஹோமின் முகப்பு டோரியாவின் விலாவில் ஏறியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டனர். ராடார் இல்லாதிருந்தால் இருவரும் மெல்ல ஊர்ந்திருப்பார்கள் என்ற எண்ணத்தில், “ராடார் துணையுடன் நிகழ்ந்த மோதல்” என்ற கசப்பான சொற்றொடர் கடலோடிகள் மத்தியில் வழங்கலாயிற்று.

இன்று உலகமெங்கும் நடைமுறையிலுள்ள கடலில் மோதல் தவிர்ப்பு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு 1977 ஜூலையில் நடைமுறைக்கு வந்தவை. அவை எண்ணெய்க் கப்பலுக்கு மட்டும் உரியவை என்று நினைப்போர் நம்மிடையே பலர். அவ்வாறன்று, கடலில் மிதக்கும் தோணிக்கும் உல்லாசப் படகுக்கும் அவையே விதி. ஐந்தாம் விதி கண்ணாலும் காதாலும் காவல் இருக்கச் சொல்லுகிறது. ராடார் அதற்கு மேலதிகமே தவிர மாற்றன்று. ஏழாம் விதி, ராடார் பூட்டப்பட்டு இயங்கும் நிலையில் இருந்தால் அதை முறையாகப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது. போதாத தகவலை, குறிப்பாகப் போதாத ராடார்த் தகவலை, வைத்துக்கொண்டு எதையும் ஊகிக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. ஆகவே ராடார் வாங்குவது ஒரு வசதியை மட்டுமன்று, ஒரு கடமையையும் வாங்குவதாகும். பத்தொன்பதாம் விதி, பார்வை மறைந்த வேளையில் முன்னாலுள்ள கலத்தை ராடாரில் மட்டும் கண்டால், இயன்றவரை இடப்பக்கம் திரும்பாதே என்கிறது. டோரியா இடப்பக்கம் திரும்பியது.

இனி வாழைச்சேனைக்கு வருவோம். எங்கள் கரை ராடாருக்குக் கடினமான கரை.

முதலாவது, உயரம். ராடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவதால் கடலின் வளைவுக்கு அப்பால் காணாது. அலைவாங்கி 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் அதன் அடிவானம் நாலரைக் கடல் மைலுக்குள்தான். 25 மீற்றர் உயரமுள்ள கப்பலைச் சுமார் 15 கடல் மைலில் காணலாம். நீருக்கு மேல் ஒரு மீற்றர் தெரிகின்ற வள்ளத்தையோ கணக்கின்படி ஆறரை மைலிலும் உண்மையில் அதைவிட மிகக் கிட்டவுமே காணலாம். 36 மைல் காட்டும் கருவி என்று விளம்பரம் சொல்வது கருவியின் ஆற்றலைப் பற்றியது. சிறு படகு காணப்போகும் தூரத்தைப் பற்றியதன்று.

இரண்டாவது, முகத்துவாரம். சிறு படகில் வைக்கும் உருண்டை ராடாரின் கதிர் ஏறக்குறைய ஐந்து பாகை அகலம். ஆறு கடல் மைல் தூரத்தில் அந்த ஐந்து பாகை ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக விரிந்துவிடும். அதற்குள் அடங்கும் எதையும் கருவி ஒன்றாகவே காட்டும். வாழைச்சேனை ஆற்றின் வாய் வெளியிலிருந்து பார்க்கும்போது திரையில் அடைபட்டே கிடக்கும். கிட்ட வந்த பின்னரே திறக்கும். ஒன்றையொன்று அடுத்து வலை விரித்திருக்கும் இரு வள்ளங்களும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியை விலக்கினேன் என்று நினைத்து இரண்டின் நடுவே நுழைந்தால் வலை சுழலியில் சிக்கும். வலைக்காரனின் ஒரு பருவத்து உழைப்பும் போகும்.

மூன்றாவது, தாழ்ந்த மணற்கரை. கல்குடாவிலிருந்து வடக்கே நீளும் கரை பனையும் பற்றையுமாகக் கிடப்பது. மணல் அலையைத் திருப்பி அனுப்புவது அரிது. திரையில் முதலில் தோன்றும் கோடு பெரும்பாலும் நீர் விளிம்பன்று, உள்ளேயுள்ள மரவரிசையோ கட்டடமோ ஆகும். இன்னும் தொலைவிலிருந்து வருபவருக்கு உள்நாட்டிலுள்ள குடும்பிமலை முதலில் தென்படலாம். ஆங்கிலேயர் அதனை ‘பரன்ஸ் கப்’ எனத் தம் வரைபடங்களில் பெயரிட்டனர். போர்க்காலத்துச் செய்திகளில் தொப்பிகல என்று உலகமெல்லாம் அறிந்த குன்று அதுவே. கரை இன்னும் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று அக்குன்றை வைத்து அளப்பவர் பாறையிலே ஏறுவார்.

நான்காவதுதான் மனத்தை உறுத்துவது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். மழை திரைபோல் இறங்கும். அலைகளின் எதிரொலி திரையின் நடுவே வெள்ளைப் புழுதியாகப் படியும். மழை பெருந்திட்டாக நகரும். அவற்றைக் குறைப்பதற்குக் கருவியில் இரு திருகிகள் உண்டு. அனுபவமில்லாதவர் திரை துப்புரவாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில் அவற்றைக் கூட்டிக்கொண்டே போவார். புழுதி மறையும். அதனோடு, அந்தப் புழுதிக்குள்ளே இருந்த பைபர் வள்ளமும் அதிலிருந்த இரண்டு பேரும் திரையிலிருந்து மறைந்துவிடுவார்கள். துப்புரவான திரை பொய்யான திரை என்று அனுபவமிக்க மாலுமிகள் சொல்வதன் பொருள் இதுதான். சற்றுப் புழுதி இருக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும் புள்ளியைப் பொறுமையோடு தேடவேண்டும்.

புள்ளி கிடைத்த பின்னர் செய்யவேண்டியது, டோரியாவில் செய்யாமல் விட்டது. திசைக்கோட்டை அப்புள்ளியின்மீது வைத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூரம் குறைந்துகொண்டே வந்து, புள்ளி கோட்டை விட்டு விலகாமல் அதன் வழியே சறுக்கி வந்தால், மோதல் நிச்சயம். 18 நொட்டில் வரும் கப்பலை 6 நொட்டில் செல்லும் படகு நேரெதிரே ஆறு கடல் மைலில் காணுமானால், இடையிலிருப்பது பதினைந்து நிமிடம். குறிப்பதற்கு ஆறு நிமிடம் போனால் விலகுவதற்கு ஒன்பது நிமிடம் மிஞ்சும். போதுமான நேரந்தான், வேறெதையும் பேசிக்கொண்டிராவிட்டால். விலகும்போது மறுகப்பலின் திரையிலும் தெரியும்படி ஒரேயடியாகத் திரும்பவேண்டும். ஐந்தைந்து பாகையாகத் திருப்பினால் யாருக்கும் விளங்காது.

இவற்றையெல்லாம் இருட்டிலே கற்க முடியாது. வெயில் எறிக்கும் கச்சான் காலத்துப் பகலில், கடல் தெளிந்து கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் வள்ளத்தையும் மிதவையையும் முகத்துவாரத்தையும் திரையிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகவேண்டும். எந்தத் தூரத்தில் எது மறைகிறது என்பதை அப்போதுதான் அறியலாம். பயணிகள் அலைவாங்கியின் மட்டத்தில், அதனருகே நிற்க விடாமலிருப்பதும் படகோட்டியின் பொறுப்பு.

இதுவரை நான் எழுதியது ராடார் வைத்திருப்பவரைப் பற்றி. அவரைவிட எண்ணிக்கையில் மிகப் பெரியது ராடார் இல்லாதவர் கூட்டம். அவர்கள் அடுத்தவர் திரையில் தெரிகிறார்களா?

போர் நடந்த ஆண்டுகளில் இக்கேள்வி எங்கள் கடலில் வேறொரு முகத்துடன் இருந்தது. தாழ்வான பைபர் படகு ராடாரில் எளிதில் படாது என்பது கடற்புலிகளுக்கு ஆயுதமாயிற்று. கடற்படைக்கோ திரையில் தெரியும் ஒவ்வொரு சிறு புள்ளியும் ஐயத்துக்குரியதாயிற்று. இடையில் நின்றவன் மீனவன். இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்கு வரம்பு, கடலுக்குப் போகும் நேரத்துக்கு வரம்பு எனப் பல ஆண்டுகள் கழிந்தன. 2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுவதிலும் போர் முடிந்தது. தெரிந்தால் ஆபத்து என்ற காலம் போய், தெரியாவிட்டால் ஆபத்து என்ற காலம் மீண்டது. இம்மாற்றத்தை எங்கள் கரையோர அதிகாரிகளோ சங்கங்களோ போதுமான அளவு மனத்திற் கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன் இறக்குமதித் தடையை ஒட்டி, ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. நல்லதே. ஆனால் அது படகு எங்கே நிற்கிறது என்பதைக் கொழும்பிலுள்ள அலுவலகத்துக்குச் சொல்லும். எதிரே வரும் கப்பலுக்குச் சொல்லாது.

உல்லாசப் படகுகளின் உலகில் இதற்குக் கொடிய சான்று ஒன்று உண்டு. 2006 ஓகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் வைற் தீவுக்குத் தெற்கே, ஊசோ என்ற 25 அடிப் பாய்ப்படகு இரவில் காணாமற் போயிற்று. அனுபவமுள்ள மூவர் அதிலிருந்தனர். மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்தபடியே இறந்து கிடந்தனர். பிரைட் ஒஃப் பில்பாவோ என்ற பெரும் பயணிகள் கப்பல் அதன்மீது மோதியதாலோ, மிக அண்மையாகக் கடந்ததாலோ அது மூழ்கியது என்று பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு முடிவு செய்தது. ஊசோவில் ராடார் எதிரொலிப்பான் தொங்கியது. எண்முகமாகத் தகடுகளைப் பூட்டிச் செய்த, உலகெங்கும் மலிவாக விற்கும் வகை. விசாரணையின்போது அவ்வகை எதிரொலிப்பான்களைப் பரிசோதனைச் சாலையில் அளந்தபோது, அவை பல கோணங்களில் மிகக் குறைந்த பயனே தருவன என்பது வெளிப்பட்டது. கப்பலில் காவல் நின்றவரின் வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் கண்ணாடியும் இரவுப் பார்வையைக் குறைத்திருக்கலாம் என அறிக்கை குறித்தது.

மேற்குக் கரையில் எங்கள் இனத்தவர்க்கு நேர்ந்ததும் தொலைவான செய்தியன்று. 2012 மார்ச் 1ஆம் திகதி கேரளத்தின் ஆலப்புழைக்கு அப்பால் பிரபு தயா என்ற சரக்குக் கப்பல் மோதி ஐந்து மீனவர் மாண்டனர். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே நள்ளிரவில், பேப்பூரிலிருந்து சென்ற ரபா என்ற மீன்பிடிப் படகும் ஏபிஎல் லே ஹாவ்ர் என்ற கொள்கலன் கப்பலும் மோதின. படகில் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் ஏழு பேர், வங்காளத்தைச் சேர்ந்தோர் ஏழு பேர். இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். இத்தகைய கப்பல்களில் ஒன்றுக்கு இரண்டு ராடார் சுழல்வது வழக்கம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: ராடார் பூட்டுங்கள், அதற்கு முன்பு தரம் பரிசோதிக்கப்பட்ட நல்ல எதிரொலிப்பான் ஒன்றை, படகில் இயன்ற அளவு உயரத்தில், அசையாமல் பூட்டுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். இரவுக் கடலில் வலை போட்டபின் எல்லோரும் உறங்க, முறைக்காரன் ஒருவன் மட்டும் விழித்திருந்து லாம்பைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் கரையில் உண்டு. பாசிக்குடாவிலிருந்து புறப்படும் படகில் எத்தனை திரைகள் எரிந்தாலும், அணியத்தில் ஓராள் வெளியே பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றும் சொன்னேன். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்குமே என்றார். ஆம் என்றேன்.